அடைப்பு நீங்கிய பிறகு குழந்தையின் சிறுநீரகம்: எதைப் பார்த்துத் ‘தேறுகிறது’ என்பது?

#1 வடிகட்டி

“பைலோபிளாஸ்டி (சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் சேரும் இடத்து அடைப்பை வெட்டித் தைப்பது) முடிந்து மூன்று மாதமாகிறது, ஸ்கேனில் வீக்கம் அப்படியே இருக்கிறதே, ஆபரேஷன் பலிக்கவில்லையா?” என்றும், “வால்வை (ஆண் குழந்தையின் சிறுநீர்த்தாரையை அடைக்கும் பிறவிச் சவ்வை) நீக்கியாயிற்று, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் இரத்த அளவு) ஏன் இன்னும் இறங்கவில்லை?” என்றும் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்கள் சிதறிக் கிடக்கின்றன, ஒரே இடத்தில் சேர்ப்போம். துறையில் இருப்பவர்கள் எண்களோடு எழுதுங்கள். நான் பிசகினால் திருத்துங்கள்.

ஆபரேஷன் வழியைத் திறக்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு தேறவேண்டியது சிறுநீரகம். எவ்வளவு தேறும் என்பது அடைப்பு எடுபட்ட நாளில் எத்தனை நெஃப்ரான்கள் (இரத்தத்தை வடிகட்டும் நுண் அலகுகள்) மிஞ்சியிருந்தன என்பதைப் பொறுத்தது. கருவுக்கு ஏறக்குறைய 36 வாரமாகும்போதே நெஃப்ரான் உருவாவது முடிந்துவிடுகிறது. அதன் பிறகு எந்த வயதிலும் புதிதாக ஒன்றுகூட முளைக்காது.

அடைபட்ட சிறுநீரகத்துக்குள் பலவகை நெஃப்ரான்கள் கலந்து கிடக்கும். சில, அழுத்தத்தால் இரத்த ஓட்டம் சுருங்கி வேலையை நிறுத்திவைத்திருப்பவை. அழுத்தம் இறங்கினால் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ விழித்துக்கொள்ளும். சிலவற்றில் நுண்குழல் செல்கள் மடிந்து சுற்றிலும் நார்த்திசு படிந்திருக்கும், அவை திரும்பாது. இன்னும் சில, கருவிலேயே அடைப்பு வந்ததால் ஒழுங்காக உருவாகாமலே போனவை. இதைத்தான் டிஸ்பிளேசியா என்கிறோம். ஸ்கேனில் புறணி (சிறுநீரகத்தின் வெளியடுக்கு) வெளுத்து, சிறு நீர்க்கட்டிகளோடு, புறணி எது உள்பகுதி எது என்று பிரித்தறிய முடியாமல் இருந்தால் இந்தக் கடைசி வகை நிறைய இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட சிறுநீரகத்தில் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் எண்கள் பெரிதாக ஏறாது. அந்தப் பழியை அறுவை மருத்துவர்மேல் போடுவதில் நியாயமில்லை.

காலக் கணக்குக்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. நாய்களின் சிறுநீர்க்குழாயை முழுதாகக் கட்டி, பிறகு அவிழ்த்துப் பார்த்த சோதனைகளில், ஒரு வாரத்தில் அவிழ்த்தால் ஏறக்குறைய முழுச் செயல்பாடும் திரும்பியது. நான்கு வாரம் போனபின் மூன்றில் ஒரு பங்கு அளவே திரும்பியது. குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் பகுதி அடைப்பு என்பதால் இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் அடைப்போடு தொற்றும் சேர்ந்துவிட்டால் நாட்களே கணக்கு.

#2 காமாக்கண்

ரீனோகிராம் (சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது, எப்படி வடிகிறது என்று பார்க்கும் படம்) பற்றி நான் எழுதுகிறேன். அதில் வரும் சதவீதத்தைப் பலர் பரீட்சை மதிப்பெண் மாதிரி படிக்கிறார்கள். அது இரண்டு சிறுநீரகங்களுக்கு இடையிலான பங்கு மட்டுமே. 45 முதல் 55 வரை இயல்பு. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கெட்டிருந்தாலும் 50-50 என்றுதான் வரும். ஒற்றைச் சிறுநீரகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் 100% என்று வரும். ஆகவே வால்வு கேஸ்களில் இந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது பிழை எல்லை. ஒரே குழந்தைக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை எடுத்தாலும் 5 புள்ளி வரை ஆடலாம். 38 என்பது 35 ஆனால் அது சரிவு இல்லை, 41 ஆனால் அது முன்னேற்றமும் இல்லை. மிகப் பெரிய வீக்கத்தில் பின்னணிக் கழிப்பு (சுற்றியுள்ள திசுவின் கதிர்வீச்சைக் கழிக்கும் கணக்கு) பிசகி, கெட்ட பக்கம் 57% என்றுகூட வருவதுண்டு. அதை நம்பி “நோயுள்ள பக்கம்தான் நன்றாக வேலை செய்கிறது” என்று எழுதிவிடக் கூடாது.

#3 பூவரசு

ஒரு சந்தேகம். ஆபரேஷனுக்கு முன் 35%, ஒரு வருடம் கழித்தும் 35% என்றால் எதுவும் தேறவில்லை என்றுதானே அர்த்தம்?

#4 காமாக்கண்

இல்லை, அது நல்ல செய்திதான். கைக்குழந்தையின் மொத்த வடிதிறன் (இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நிமிடத்துக்கு வடிகட்டும் அளவு, மில்லியில்) முதல் இரண்டு வருடம் ஏறிக்கொண்டே போகும். பிறந்தபோது சுமார் 20, இரண்டு வாரத்தில் 40 பக்கம், இரண்டு வயதுவாக்கில் பெரியவர்களின் அளவு. எல்லாம் 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புக்குக் கணக்கிட்டது. ஆபரேஷனின்போது மொத்தம் 60 என்றால் அதில் 35% என்பது 21. ஒரு வருடம் கழித்து மொத்தம் 100 என்றால் அதே 35% என்பது 35. மற்ற சிறுநீரகம் வளர்ந்த வேகத்தில் இதுவும் வளர்ந்திருக்கிறது. சதவீதம் குறைந்தால்தான் இது பின்தங்குகிறது என்று பொருள்.

பைலோபிளாஸ்டிக்குப் பிறகு பெரும்பாலான குழந்தைகளில் நடப்பது இதுதான்: பங்கு அப்படியே நிலைக்கும். 40%க்குக் கீழே இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சற்று ஏறும். ஏறுவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் தெரிந்துவிடும்.

#5 நுண்தையல்

வீக்கம் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். பல மாதம் ஊதிக் கிடந்த பலூனின் காற்றை இறக்கினாலும் அது பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. பெல்விஸின் (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் புனலின்) சுவரும் அப்படித்தான் தளர்ந்து போயிருக்கும். காலிக்ஸ்கள் (பெல்விஸில் வந்து சேரும் சிறு கிண்ணங்கள்) பல வருடம் மழுங்கியே இருக்கும், சிலருக்கு ஆயுள் முழுவதும். நான் பார்ப்பது பெல்விஸின் முன்-பின் அகலத்தை: 32 மி.மீ. இருந்தது 15க்கு வந்தால் போதும், பாதியாகக் குறைந்தால் தையல் வேலை செய்கிறது. இதற்கு ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம்கூட ஆகலாம்.

அளக்கும் விதத்திலேயே நிறையப் பிசகுகிறது. சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது எடுத்த அளவையும் காலியானபின் எடுத்த அளவையும் ஒப்பிட்டு “கூடிவிட்டது” என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சிறுநீர் கழித்தபின், குறுக்குவெட்டில், சிறுநீரகத்தின் வாயிலில் அளக்க வேண்டும். கூடவே புறணியின் தடிமனும் நீளமும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும். அகலம் குறையாமல் புறணி தடித்துவந்தால் கவலையில்லை. அகலம் கொஞ்சம் குறைந்து புறணியும் மெலிந்துகொண்டே போனால் அதுதான் மோசம்: சிறுநீர் உற்பத்தியே குறைவதால் வீக்கம் வற்றுகிறது. எதிர்ப்பக்கச் சிறுநீரகம் வயதுக்கு மீறி நீள்வதும் இதே எச்சரிக்கைதான்.

டி.ஜே. ஸ்டென்ட் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைவரை உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) உள்ளே இருக்கும்வரை எடுக்கும் ஸ்கேனை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஸ்டென்ட் இரு பக்கமும் திறந்த குழாய், சிறுநீர்ப்பை சுருங்கும்போது சிறுநீர் அதன் வழியே மேலே ஏறும், வீக்கமாகத் தெரியும். வழக்கமான வரிசை: 4 முதல் 6 வாரத்தில் ஸ்டென்ட் எடுத்தல், அதிலிருந்து 4 முதல் 6 வாரம் கழித்து ஸ்கேன், ஆபரேஷனிலிருந்து 3 முதல் 6 மாதத்தில் ரீனோகிராம்.

#6 காமாக்கண்

நுண்தையல் சார், 3 மாதத்துக்கு முன் ரீனோகிராம் வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். தையலிடத்தில் வீக்கம் வற்றாமல் இருக்கும், மருந்து வடிவதைக் காட்டும் வளைகோடு அடைப்பு மாதிரியே வரும், அனாவசியப் பதற்றம்.

வடியும் நேரத்தையும் தனியாக நம்பக் கூடாது. அரைப்பங்கு வெளியேற 20 நிமிடத்துக்கு மேல் ஆனால் அடைப்பு என்பது பழைய விதி. பெரிய தொட்டியில் கலந்த சாயம் குழாய் நன்றாக இருந்தாலும் மெதுவாகத்தான் வெளுக்கும். அதனால் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சிறுநீர் கழிக்க வைத்து, அதன் பிறகு ஒரு தாமதப் படம் எடுத்தே ஆகவேண்டும். அந்தப் படத்தில் பெல்விஸ் வெளுத்திருந்தால் பிரச்சினையில்லை. நீர்ச்சத்து குறைந்த குழந்தைக்கு ஃபுரோசமைடு (சிறுநீரைக் கூட்டும் மருந்து) கொடுத்தும் சிறுநீர் வராது, அந்த டெஸ்ட் வீண். பழைய டெஸ்ட் மேக்-3 (ஒருவகைக் கதிரியக்க மருந்து) என்றால் புதியதும் மேக்-3 ஆகவே இருக்கட்டும், ஃபுரோசமைடு கொடுக்கும் நிமிடமும் அதேதான். மருந்தையும் நேரத்தையும் மாற்றிவிட்டு ஒப்பிடுவதில் பயனில்லை.

#7 அளவுக்குவளை

வார்டு பக்கத்து விஷயம் யாரும் சொல்லலை, நான் சொல்றேன். ஆபரேஷன் எவ்வளவு நல்லா நடந்தாலும் முதல் மூணு நாள் சிறுநீர் வடிக்க வெச்ச குழாயைப் பார்க்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

சிறுநீர் திடீர்னு குறைஞ்சா உடனே “கிட்னி நின்னுபோச்சு”ன்னு பயப்படாதீங்க. முதல்ல குழாய் தொடைக்கு அடியில மடங்கியிருக்கான்னு பாருங்க. சிறுநீர் சேருற பிளாஸ்டிக் பை உடம்பைவிடத் தாழ்வா இருக்கா, கிளாம்ப் திறந்திருக்கான்னு பாருங்க. அப்புறம்தான் ரத்தக் கட்டியோ சளியோ அடைச்சிருக்கான்னு யோசிக்கணும். அலச வேண்டியிருந்தா 2 முதல் 5 மில்லி கிருமிநீக்கிய சலைன், மெதுவா. திரும்ப வேகமா உறிஞ்சக் கூடாது, சிறுநீர்ப்பையோட உள்சுவர் குழாயில ஒட்டிக்கும்.

வால்வு இருக்கிற ஆண் குழந்தைக்கு இன்னொண்ணு. குழாய் சிறுநீர்ப்பைக்குள்ள போகாம, விரிஞ்சுபோன பின்பக்கச் சிறுநீர்த்தாரையிலேயே சுருண்டு உக்காந்துடும். சொட்டுச் சொட்டா வரும், ஓரத்துலயும் கசியும், ஆனா பை நிரம்பியே இருக்கும். ஸ்கேன் வெச்சுப் பார்த்தா உடனே தெரியும். பலூன் வெச்ச ஃபோலி வேண்டாம், சாதாரண 6 அல்லது 8 ஃபிரெஞ்ச் ஃபீடிங் டியூப் போதும். தடிச்ச பைக்குள்ள பலூன் உறுத்தினா பை இறுக்கிப் பிடிக்கும், மேலேயிருந்து சிறுநீர் இறங்குற வாயே மூடிக்கும்.

டயப்பரை எடை போடுங்க. காய்ஞ்ச டயப்பரோட எடையைக் கழிச்சா மிச்சம் 1 கிராமுக்கு 1 மில்லி. மலம் கலந்திருந்தா அதைத் தனியா குறிச்சு வைங்க, கணக்குல சேர்த்தா எல்லாமே தப்பாயிடும்.

#8 நுண்தையல்

மிகச் சரி. இதோடு தையல் கசிவையும் சேர்க்கிறேன். பைலோபிளாஸ்டிக்குப் பின் வயிறு உப்பி, வாந்தியும் காய்ச்சலும் வந்து, டிரெயினில் (தையலிடத்து நீரை வெளியே எடுக்கும் குழாயில்) நீர் கூடினால் அந்த நீரில் கிரியேட்டினின் பாருங்கள். இரத்தத்தைவிடப் பல மடங்கு இருந்தால் அது சிறுநீர். உடனே மறுபடி திறக்கத் தேவையில்லை. முதலில் சிறுநீர்ப்பையின் குழாய் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்டென்ட் இருக்கும்போது பை நிரம்பினால் அழுத்தம் நேரே தையலுக்குத்தான் ஏறும். டிரெயினின் நுனி தையலை உரசி உறிஞ்சிக்கொண்டிருந்தால் அதுவே கசிவை ஆறவிடாது, உறிஞ்சலை நிறுத்திச் சற்றுப் பின்னிழுத்தால் பல சமயம் தானே அடங்கும்.

ஸ்டென்ட்டின் நீளத்துக்குக் குழந்தைகளில் வயதோடு 10 கூட்டிச் செ.மீ. என்ற எளிய கணக்கு உதவும். நான்கு வயதுக்கு 14. நீளம் கூடினால் சுருள் பையின் கழுத்தில் உரசி, அடிக்கடி அவசரமும் இரத்தமும் வரும். குறைந்தால் கீழ்நுனி மேலேறிக்கொள்ளும். எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மறந்துபோன ஸ்டென்ட்டில் கல் படிந்துவிட்டால் அடுத்த அடைப்பு அதுவேதான்.

#9 வடிகட்டி

வால்வு பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒருபக்க பி.யூ.ஜே. (பெல்விஸும் சிறுநீர்க்குழாயும் சேரும் இடம்) அடைப்பும் வால்வும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. முதலாவதில் எதிர்ப்பக்கம் காப்பாற்றும். இரண்டாவதில் இரண்டு சிறுநீரகமும் பையும் சேர்ந்து கருவிலிருந்தே அடிபட்டவை.

பிறந்த முதல் இரண்டு நாளில் பார்க்கும் கிரியேட்டினின் தாயுடையது, அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். குழாய் போட்டு வடியவிட்டபின் எப்படி இறங்குகிறது என்பதே முக்கியம். வால்வை நீக்கிய முதல் வருடத்தில் தொட்ட மிகத் தாழ்ந்த அளவுதான் இந்தக் குழந்தைகளுக்கு நம்மிடம் உள்ள சிறந்த முன்னறிகுறி. அது டெசிலிட்டருக்கு 0.8 மி.கி.க்குக் கீழே நின்றால் நம்பிக்கை அதிகம். 1.0க்கு மேலேயே நின்றுவிட்டால் சிறுநீரகச் செயலிழப்பை நோக்கிப் போகும் அபாயம் அதிகம், அந்தக் குடும்பத்தை முதல் நாளிலிருந்தே சிறுநீரகப் பிரிவோடு இணைத்துவிட வேண்டும்.

அடைப்பு நீங்கியதும் சில குழந்தைகளுக்குச் சிறுநீர் கொட்டும். 4 கிலோ குழந்தை மணிக்குக் கிலோவுக்கு 10 மில்லி கழித்தால் ஒரு நாளைக்கு 960 மில்லி, உடல் எடையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு! “நன்றாகப் போகிறது” என்று மகிழ்ந்து விட்டுவிட்டால் மறுநாள் குழந்தை வாடிக் கிடக்கும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை எடை, ஆரம்பத்தில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம். போன சிறுநீரை 0.45% சலைனால் ஈடுசெய்ய வேண்டும். ஆனால் ஒவ்வொரு மில்லிக்கும் ஒரு மில்லி என்று நாட்கணக்கில் ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்த ஊற்றே சிறுநீராக வெளியேறும், ஓட்டம் நிற்கவே நிற்காது. இரத்த அழுத்தமும் எடையும் நிலைத்ததும் முக்கால், பாதி என்று குறைத்துவர வேண்டும்.

#10 பூவரசு

சிறுநீரக நோய் என்றால் உப்பும் தண்ணீரும் குறைக்கச் சொல்வார்களே, இவர்களுக்கும் அப்படியா? காய்ச்சலுக்கு எந்த மருந்து கொடுக்கலாம்?

#11 வடிகட்டி

இதைக் கேட்டது நல்லதாயிற்று. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு நேர் எதிர். அடைப்பு முதலில் கெடுப்பது நுண்குழல்களை. சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போய்விடும், உப்பைப் பிடித்துவைக்கும் திறனும் போய்விடும். வழி திறந்த பிறகும் இது மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே நீடிக்கும். இவர்களுக்குத் தண்ணீரைக் குறைத்தால் கிரியேட்டினின் ஏறும். கைக்குழந்தைக்கு உப்பு கூடுதலாகக் கொடுக்க வேண்டியும் வரலாம். பெரியவர்களுக்கான பத்தியத் தாளை இவர்கள் கையில் கொடுப்பது ஆபத்து. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் மற்றக் குழந்தைகளைவிடச் சீக்கிரம் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. இபுப்ரோஃபென் வேண்டாம், நீர்ச்சத்துக் குறைந்த நேரத்தில் அது சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தை இன்னும் சுருக்கும். மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டு உட்காரவும் கூடாது: 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றே சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும். ஒட்டுப்பையில் பிடித்த மாதிரியில் தோலின் கிருமிகள் கலந்துவிடும். குழாய் வழியாகவோ நடுத்தாரையிலோ எடுங்கள்.

மருத்துவர்களுக்கு இரண்டு குறிப்பு. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அடைப்போடு தொற்றும் வந்து, சோடியம் மிகத் தாழ்ந்து பொட்டாசியம் ஏறியிருந்தால், அட்ரினல் கோளாறு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நுண்குழல்கள் ஆல்டோஸ்டிரோனுக்கு (உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் அட்ரினல் ஹார்மோனுக்கு) செவிசாய்க்காததாலும் இதே படம் வரும். சலைனும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தால் சில நாளில் சீராகும். இன்னொன்று, தடுப்புக்காக இரவில் கிலோவுக்கு 2 மி.கி. கொடுக்கும் டிரைமெத்தோபிரிம், வடிதிறன் குறையாமலேயே கிரியேட்டினினைச் சற்று ஏற்றிக் காட்டும், பொட்டாசியத்தையும் ஏற்றும். எண் ஏறியவுடன் ஆபரேஷனைச் சந்தேகிக்கும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

#12 நுண்தையல்

ரீனோகிராமில் 10%க்குக் கீழே இருக்கும் சிறுநீரகத்தை அகற்றிவிடலாம் என்பதுதான் பொதுவான நடைமுறை. இங்கே என்ன கருத்து?

#13 காமாக்கண்

அழுத்தத்தோடு இருக்கும்போது எடுத்த 10%ஐ நம்பி அகற்றிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். தூங்கும் நெஃப்ரானும் செத்த நெஃப்ரானும் அந்தப் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். முதுகு வழியாக நெஃப்ரோஸ்டமி குழாய் வைத்து 4 வாரம் வடியவிட்டு மறுபடி ரீனோகிராம் எடுத்துப் பார்க்க வேண்டும். கைக்குழந்தைகளில் குறிப்பாக.

#14 நுண்தையல்

கைக்குழந்தைக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்கு வாரமும் சும்மா இல்லை. குழாய் நழுவும், தொற்று வரும், பெற்றோர் தூக்கமில்லாமல் தவிப்பார்கள். புறணி காகிதமாக மெலிந்து, நீர்க்கட்டிகளும் தெரிந்து, பத்து வயதைத் தாண்டிய குழந்தைக்கு அந்தச் சோதனை தேவையில்லை என்பேன். குழாயில் ஒரு நாளைக்கு வரும் சிறுநீரின் அளவையும் செறிவையும் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்: வருவதே கொஞ்சம், அதுவும் வெறும் தண்ணீர் போல என்றால் மீட்க அங்கே எதுவும் இல்லை.

#15 அளவுக்குவளை

வால்வு எடுத்த பிள்ளைங்க சிறுநீர்ப்பையைப் பத்தி யாராவது எழுதுங்க. வீட்டுக்குப் போனபின்னாடி கெடுறது அங்கதான்.

#16 வடிகட்டி

ஆம், அதைத்தான் பலர் தவறவிடுகிறோம். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பையின் கொள்ளளவு வயதோடு ஒன்று கூட்டி 30ஆல் பெருக்கினால் வரும். ஐந்து வயதுக்கு 180 மில்லி. செறிவாக்கும் திறன் போன குழந்தை நாளைக்கு 2 லிட்டர் கழிக்கிறது என்றால் மணிக்குச் சுமார் 83 மில்லி. ஒன்பது மணி நேரத் தூக்கத்தில் 750 மில்லி, பையின் அளவைப்போல் நான்கு மடங்கு! தடித்த, இளகாத பை அது. படுக்கை நனைவது பாதி பிரச்சினைதான். மீதிப் பாதி, இரவு முழுதும் அந்த அழுத்தம் மேலேறிக்கொண்டே இருப்பது. ஆபரேஷனில் எடுத்த அடைப்பு இரவுதோறும் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் பகலில் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கழிக்க வைக்க வேண்டும். கழித்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை, ஏனென்றால் விரிந்த குழாய்களில் தங்கியது அதற்குள் பைக்கு இறங்கியிருக்கும். மீதம் தங்குவது தொடர்ந்தால் சுத்தமான இடைவெளிக் குழாய் வடிப்பு, தேவைப்பட்டால் இரவு முழுதும் குழாய். பை மிகையாக இறுகினால் அதைத் தளர்த்தும் மருந்தான ஆக்ஸிபியூடினின். அது மலச்சிக்கலைக் கூட்டும், மலச்சிக்கலோ பையை நெருக்கும், ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். குழந்தைப் பருவத்தில் இறுகி இருந்த பை பதின்வயதில் தளர்ந்து சுருங்கவே மறுப்பதும் உண்டு. ஐந்து வயதில் எடுத்த யூரோடைனமிக் (பையின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) ரிப்போர்ட் பதினைந்து வயதுக்குச் செல்லாது.

#17 நுண்தையல்

கிரியேட்டினின் ஒரு கட்டத்தில் நின்று மறுபடி ஏறினால் மிச்ச வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். நீக்கிய 4 முதல் 12 வாரத்துக்குள் எம்.சி.யூ. (சிறுநீர் கழிக்கும்போது எடுக்கும் எக்ஸ்ரே) அல்லது மறு சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்த்தாரை வழியே உள்நோக்கிக் கருவியால் பார்ப்பது) செய்யாமல் “வால்வு முடிந்தது” என்று எழுதக் கூடாது.

#18 பூவரசு

கடைசியாக ஒன்று. எத்தனை வயதுவரை தொடர வேண்டும்?

#19 வடிகட்டி

ஒருபக்க பி.யூ.ஜே., எதிர்ப்பக்கம் நலம் என்றால் முதல் இரண்டு வருடம் நெருக்கமாக. மறு அடைப்பு வருவது பெரும்பாலும் அதற்குள்தான். பிறகு வருடம் ஒருமுறை இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ஸ்கேன். இடையில் பக்கவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுக்க வேண்டும், வலி போனபின் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

வால்வு என்றால் ஆயுள் முழுவதும். பருவ வயதில் உடல் வளரும் வேகத்துக்கு மிஞ்சிய நெஃப்ரான்கள் ஈடுகொடுக்க முடியாமல் கிரியேட்டினின் ஏறுவது வழக்கம். உயரத்தைச் செ.மீ.யில் எடுத்து 0.413ஆல் பெருக்கி கிரியேட்டினினால் வகுத்தால் வடிதிறன் கிடைக்கும். உயரம் 110, கிரியேட்டினின் 0.9 என்றால் சுமார் 50. லேப் தாளில் 0.9 என்பது “இயல்பு” என்று அச்சாகியிருக்கும், அது பெரியவர்களுக்கான வரம்பு. இந்த இடத்தில்தான் வருடங்கள் வீணாகின்றன.

இரண்டு வயதுக்கு மேல் சிறுநீரில் புரத-கிரியேட்டினின் விகிதம் 0.2ஐத் தாண்டினால் விடாதீர்கள். நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள 385 குழந்தைகளை ஐந்து ஆண்டு தொடர்ந்து 2009இல் வெளியான எஸ்கேப் ஆய்வில், எல்லோரும் ராமிபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை எடுத்தார்கள். அவர்களில் 24 மணி நேரச் சராசரி இரத்த அழுத்தத்தை அந்த வயதுக்குரிய நடு அளவுக்கும் கீழே வைத்தவர்களுக்கு நோய் மெதுவாகவே முற்றியது. போன நெஃப்ரானை மீட்க மருந்தில்லை, இருப்பதைக் காக்க இது இருக்கிறது. வாந்தி, பேதி நாட்களில் மட்டும் மருத்துவரைக் கேட்டு அந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும்.

பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது ஒரே ஒரு தாள் கையில் இருக்கட்டும்: முதல் வருடத்தில் தொட்ட தாழ்ந்த கிரியேட்டினின், கடைசி ரீனோகிராமின் எண்ணும் அதில் பயன்படுத்திய கதிரியக்க மருந்தும், பையின் கொள்ளளவு, கழித்தபின் தங்கும் அளவு, குழாய் வடிப்பு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, கடைசி இரத்த அழுத்தம். இந்த ஆறும் இல்லாமல் போனால் அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.